மெதுவாக ஒரு தரம், வேகமாக ஒரு தரம்: சி.பி. குழந்தைகளின் தசை இறுக்கத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி, சுருக்கமாக சி.பி.) உள்ள குழந்தையைப் பிசியோதெரபிக்கு அழைத்துப்போகும் பெற்றோர் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். தெரபிஸ்ட் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, பாதத்தைப் பிடித்து மெல்ல மேல்நோக்கித் தள்ளுவார். எதுவரை வருகிறது என்று கோணத்தைக் குறித்துக்கொள்வார். அப்புறம் அதே பாதத்தை வெடுக்கென்று தள்ளுவார். இந்தத் தடவை பாதம் பாதி வழியிலேயே ‘டக்’கென்று நின்றுவிடும். குழந்தை முகம் சுளிக்கும். மெதுவாகத் தள்ளினால் நன்றாகத்தானே போகிறது, எதற்கு இந்த முரட்டுத்தனம் என்று அம்மாவுக்குத் தோன்றும். சிலர் வாய்விட்டே கேட்டுவிடுவார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். இறுக்கத்தை மதிப்பிடுவதில் பாதி விஷயம் அந்த இரண்டு தள்ளல்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. ஆனால் பல கோப்புகளில் அந்த வித்தியாசம் ஏறுவதே இல்லை. ‘டோன் அதிகம்’ என்றோ, இறுக்கத்துக்கு எண் போடும் அளவுகோலின்படி ‘ஆஷ்வொர்த் 2’ என்றோ ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். ஊசியா, மாத்திரையா, மாவுக்கட்டா, அறுவையா என்று பல மாதங்களுக்கான முடிவை அந்த ஒற்றை எண்ணின் மேல் ஏற்றிவைக்க முடியாது. அந்த எண் இறுக்கம் இருக்கிறது என்று சொல்லும். எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது. சிகிச்சை பிரிவதோ, எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான்.

நாம் சும்மா இருக்கும்போதும் தசைகள் முழுக்கத் தளர்ந்து கிடப்பதில்லை. யாராவது நம் கையைப் பிடித்து மடக்கினால் லேசான எதிர்ப்பு ஒன்று இருக்கும். அதைத்தான் டோன் என்கிறார்கள். தசைக்குள் இருக்கும் நுண்ணிய உணர்விகள், தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதைத் தண்டுவடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சட்டென்று நீண்டால், தண்டுவடம் அந்தத் தசையையே சுருங்கச் சொல்லும். டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டும்போது கால் உதறுகிறதே, அதே அனிச்சைதான். மூளையிலிருந்து இறங்கும் பாதைகள் இந்த அனிச்சையை அளவோடு அடக்கி வைத்திருக்கின்றன. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ மூளையில் ஏற்படும் பாதிப்பு அந்தப் பாதைகளைக் கெடுத்துவிட்டால் அனிச்சை கட்டுமீறிப் போகும். சி.பி. குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு இந்த ஸ்பாஸ்டிக் வகை இறுக்கம் இருக்கிறது.

லண்டனில் இருந்த எலும்பு மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861-ல், சிக்கலான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் மூச்சுத் திணறல் ஆகியவற்றையும் பின்னாளில் குழந்தைகளின் கைகால்களில் வரும் விறைப்பையும் சேர்த்துப் பேசினார். நீண்ட காலம் இதற்கு ‘லிட்டில் நோய்’ என்றே பெயர். அவருக்கே ஒரு பாதம் வளைந்திருந்தது. ஜெர்மனிக்குப் போய்க் குதிநாண் அறுவை செய்துகொண்டவர் என்பதால் இந்தக் குழந்தைகளின் கால்கள்மேல் அவருக்கிருந்த அக்கறை வெறும் தொழில் சார்ந்தது மட்டுமல்ல என்று நினைக்கிறேன். ஆனால் இறுக்கத்தை வேகத்தோடு சேர்த்து வரையறுக்க 1980 வரை ஆகிவிட்டது. ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் அந்த ஆண்டில் கொடுத்த வரையறைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவு அதிகமாக எதிர்க்கும் தசை இறுக்கமே ஸ்பாஸ்டிசிட்டி. அந்த வெடுக்கென்ற தள்ளலுக்குக் காரணம் இதுதான். மெதுவாகத் தள்ளினால் அனிச்சை தூங்கிக்கொண்டிருக்கும். வேகமாகத் தள்ளினால்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஆஷ்வொர்த் சொல்வதும் சொல்லாததும்

உலகம் முழுக்க அதிகம் புழங்கும் அளவுகோல் ஆஷ்வொர்த். அது குழந்தைகளுக்காகவோ, சி.பி.க்காகவோ உருவானதல்ல. 1964-ல் பிரையன் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு காரிசோப்ரொடால் என்ற மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக 0 முதல் 4 வரை ஐந்து படிகள் வைத்துக்கொண்டார். 1987-ல் போஹனன், ஸ்மித் இருவரும் 1-க்கும் 2-க்கும் நடுவில் ‘1+’ என்று ஒரு படியைச் செருகினார்கள். அவர்கள் சோதித்தது பெரியவர்களின் முழங்கையை. அப்படி வந்ததுதான் இன்று நம் ஊர் கோப்புகளிலும் இருக்கும் திருத்தப்பட்ட ஆஷ்வொர்த்.

செய்வது எளிது. கருவி வேண்டாம், நேரமும் அதிகம் பிடிக்காது. மூட்டை ஏறக்குறைய ஒரு நொடியில் முழு அளவுக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். எதிர்ப்பே கூடவில்லை என்றால் 0. கடைசியில் லேசாகத் தடுத்தால் 1. நடுவில் ஒரு பிடிப்பு வந்து, மிச்சமிருக்கும் தூரம் முழுக்க (மொத்தத் தூரத்தில் பாதிக்கும் குறைவு) லேசான எதிர்ப்பு தொடர்ந்தால் 1+. பெரும்பாலான தூரத்துக்கு எதிர்ப்பு தெரிந்தாலும் சுலபமாக நகர்த்த முடிந்தால் 2. நகர்த்துவதே கஷ்டம் என்றால் 3. அசையாமல் விறைத்திருந்தால் 4.

சிக்கல் என்னவென்றால், தெரபிஸ்டின் கைக்குத் தெரிவது மொத்த எதிர்ப்பு மட்டுமே. அதில் அனிச்சையின் பங்கு இருக்கும், தசையே குட்டையாகிப் போனதன் பங்கு இருக்கும், மூட்டு உறை இறுகியதன் பங்கு இருக்கும், குழந்தை பயந்துபோய்க் காலை இழுத்துக்கொள்வதும் இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வரும். போதாததற்கு ‘லேசான’, ‘கணிசமான’ என்ற அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு 1+ ஆகத் தெரிவது இன்னொருவருக்கு 2 ஆகத் தெரிந்தால் அதில் வியப்பு எதுவும் இல்லை. அதனால் ஆஷ்வொர்த்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே தெரபிஸ்ட், ஒரே குழந்தை, ஒரே நிலை என்று வைத்துக்கொண்டு பார்க்கும் ஒரு மேலோட்டமான கணக்குக்கு அது போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதுதான் தப்பு.

இரண்டு கோணங்கள்

ஆஷ்வொர்த்துக்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1954 வாக்கில், பிரான்சில் கீ தார்தியூ வேறொரு வழியைத் தொடங்கியிருந்தார். தசையை வெவ்வேறு வேகங்களில் நீட்டி, எந்தக் கோணத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. இப்போது பெரும்பாலும் இரண்டு அளவுகள்தான் எடுக்கிறார்கள். முடிந்தவரை மெதுவாக நகர்த்தும்போது மூட்டு போய்ச்சேரும் கடைசிக் கோணம் ஆர்2. முடிந்தவரை வேகமாக நகர்த்தும்போது முதல் பிடிப்பு வரும் கோணம் ஆர்1.

கணுக்காலையே எடுத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பிள்ளை, இரண்டு கால்களிலும் இறுக்கம், நுனிக்காலில் நடக்கிறது. முழங்காலை நீட்டிவைத்து மெதுவாகத் தள்ளினால் பாதம் செங்கோணத்தைத் தாண்டி இன்னும் 10 டிகிரி மேலே வருகிறது. வேகமாகத் தள்ளினால் செங்கோணத்துக்கு 20 டிகிரி முன்னாலேயே பிடிக்கிறது. வித்தியாசம் 30 டிகிரி. தசை தேவையான அளவு நீளமாகத்தான் இருக்கிறது, அனிச்சைதான் அதை நீள விடமாட்டேன் என்கிறது என்று இதற்குப் பொருள். பாட்டுலினம் டாக்சின் ஊசி போன்ற, நரம்புக்கும் தசைக்கும் நடுவில் வேலை செய்யும் சிகிச்சைக்கு இங்கே இடம் இருக்கிறது.

இன்னொரு பிள்ளை. வயது பத்து, இதுவும் நுனிக்கால் நடைதான். மெதுவாகத் தள்ளினாலே பாதம் செங்கோணத்துக்கு 15 டிகிரி முன்னால் நின்றுவிடுகிறது. வேகமாகத் தள்ளினால் 20 டிகிரி முன்னால். வித்தியாசம் வெறும் 5. இங்கே அனிச்சையை அடக்கிப் பெரிய பயன் இல்லை; தசையும் குதிநாணும் குட்டையாகிவிட்டன. வாராவாரம் மாற்றிப் போடும் மாவுக்கட்டா, அறுவையா என்று யோசிக்க வேண்டிய கால் இது. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஆஷ்வொர்த்தில் ஒரே எண் வர எல்லா வாய்ப்பும் உண்டு.

அறுவை அரங்கில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். மயக்கம் கொடுத்ததும் அறுவை நிபுணர் பாதத்தை மறுபடி ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். முழு மயக்கத்தில் அனிச்சை இறுக்கம் போய்விடும். அப்போதும் தடுக்கிற மிச்சம்தான் உண்மையான குறுக்கம்.

அளக்கும் கையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைக் கவனிக்காமல் விட்டால் எண்கள் எல்லாம் பொய்யாகும். பாதத்தின் முன்பகுதியை மட்டும் பிடித்துத் தள்ளினால், கணுக்கால் வளையாமலேயே பாதம் நடுவில் மடங்கி, வெளிப்பக்கம் புரண்டு, மேலே வந்தமாதிரி காட்டும். அதனால் குதிகாலை உள்ளங்கையில் அடக்கி, சற்று உள்பக்கம் திருப்பிப் பூட்டிக்கொண்டுதான் தள்ள வேண்டும். அடுத்து, அதே சோதனையை முழங்காலை மடக்கிவைத்தும் செய்ய வேண்டும். கெண்டைக்காலின் மேல் தசையான கேஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலையும் தாண்டிப் போகிறது. அதன் அடியில் இருக்கும் சோலியஸ் தாண்டவில்லை. முழங்காலை மடக்கினால் மேல் தசை தளர்ந்துவிடும். மடக்கியபோது பாதம் நன்றாக வந்து, நீட்டியபோது வரவில்லை என்றால் குற்றவாளி மேல் தசை. இரண்டு நிலையிலும் வரவில்லை என்றால் இரண்டுமே. ஸ்வீடன்காரரான நில்ஸ் சில்ஃபர்ஷியோல்டின் பெயரால் வழங்கும் இந்தச் சோதனை, ஊசியை எந்தத் தசையில் போடுவது, கத்தியை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. தேவையில்லாமல் சோலியஸையும் சேர்த்துத் தளர்த்திவிட்டால், நிற்கும்போது முழங்கால் மடங்கிக் குந்துவதுபோல் நடக்கும் நிலைக்குப் பிள்ளை போய்விடலாம். நுனிக்காலைவிடக் களைப்பான நடை அது.

தார்தியூ முறையிலும் குறை இல்லாமல் இல்லை. வேகமாக நகரும் காலில் பிடிப்பு வந்த கோணத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம். பழகாத கையில் பிழை வரும். ஒருவர் காலை நகர்த்த, இன்னொருவர் கோணம் அளக்கும் கோனியோமீட்டரை வைத்துப் படிப்பது நல்லது. கூட்டம் நெரியும் வெளிநோயாளர் பிரிவில் இரண்டு பேர் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது எப்போதாவதுதான் என்பதும் உண்மை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இறுக்கம் வயதோடு மாறும். சி.பி. குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் திட்டம் ஒன்றை ஸ்வீடன் 1994-ல் தொடங்கியது. அதில் சேர்ந்த குழந்தைகளின் கெண்டைக்கால் அளவுகள் காட்டிய படம் இது: நான்கைந்து வயதுவரை இறுக்கம் ஏறுகிறது, அதன்பின் பன்னிரண்டு வயதுவரை மெல்ல இறங்குகிறது. ஆனால் மூட்டு அசையும் அளவு அதே காலத்தில் குறைந்துகொண்டே போகிறது. எலும்பு வளரும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுப்பதில்லை. ஆகவே மூன்று வயதில் எழுதிய ‘2’-ம் பத்து வயதில் எழுதிய ‘2’-ம் ஒரே பொருள் தருவதில்லை. ஐந்து வயதில் தொடங்கிய ஏதோ ஒரு சிகிச்சை ‘இறுக்கத்தைக் குறைத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், அது தானாகவே இறங்கும் வயது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

வேகத்துக்குக் கட்டுப்படாத இறுக்கம்

சில குழந்தைகளிடம் இந்த அளவுகள் எதுவுமே நிற்காது. காலையில் அளந்தால் ஒன்று, சாயங்காலம் வேறொன்று. தூங்கும்போது கைகால் துணிபோலத் தளர்ந்து கிடக்கும். விழித்து, ஒரு பொம்மையை எடுக்க நினைத்த அந்த நொடியில் கை முறுக்கிக்கொண்டு பின்னால் போகும், வாய் கோணும், முதுகு வில்லாக வளையும். யாராவது புது ஆள் அறைக்குள் வந்தாலே போதும். இது டிஸ்டோனியா. பாதிப்பு பெரும்பாலும் மூளையின் அடியாழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகளில். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை மிகவும் ஏறி மூளையைத் தாக்கியிருந்தாலோ, நிறைமாதக் குழந்தைக்குப் பிரசவத்தில் கடும் மூச்சுத் திணறல் வந்திருந்தாலோ இந்த வகையை எதிர்பார்க்க வேண்டும். காமாலையால் வந்ததில் காது கேளாமையும், கண்ணை மேலே தூக்கிப் பார்க்க முடியாமையும் சேர்ந்திருப்பது வழக்கம்.

ஸ்பாஸ்டிசிட்டியும் டிஸ்டோனியாவும் ஒரே காலில் கலந்தும் இருக்கும். அதுதான் நடைமுறையில் அதிகம். இரண்டையும் பிரித்தறிய கனடாவின் டொரொன்டோவில் ஒரு சோதனையை உருவாக்கி 2010-ல் வெளியிட்டார்கள். சுருக்கமாக ஹாட். நான்கு முதல் பத்தொன்பது வயதுவரை செய்யலாம், மொத்தம் ஏழே கேள்விகள், ஐந்து பத்து நிமிட வேலை. அதன் அழகு என்னவென்றால், பார்க்க வேண்டிய கைகாலைத் தொடாமலேயே தொடங்குகிறது. வலது காலைச் சோதிக்க வேண்டுமா? குழந்தையின் தோளிலோ கையிலோ வருடிவிட்டு, வலது கால் தானாக அசைகிறதா, முறுக்குகிறதா என்று பார்க்கிறார்கள். அப்புறம் கண்ணை மூடித் திறக்கச் சொல்லி, எதிர்ப்பக்கக் கையை மூடித் திறக்கச் சொல்லி, அதே காலைக் கவனிக்கிறார்கள். அசைந்தால் டிஸ்டோனியாவின் சாயல். பின்புதான் காலை மெதுவாகவும் வேகமாகவும் நகர்த்தி ஸ்பாஸ்டிசிட்டியைத் தேடுகிறார்கள். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி எதிர்ப்பு இருக்கிறதா, நகர்த்தி விட்ட இடத்திலேயே கால் நிற்கிறதா என்பவை ரிஜிடிட்டி என்ற மூன்றாவது வகை இறுக்கத்துக்கான கேள்விகள். குழந்தைகளிடம் அது அபூர்வம்.

இந்தப் பிரிப்பு வெறும் பெயர் சூட்டல் இல்லை. முதுகுத் தண்டில் நுழையும் உணர்வு நரம்பு வேர்களில் சிலவற்றை வெட்டி ஸ்பாஸ்டிசிட்டியைக் குறைக்கும் அறுவை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வார்விக் பீகாக் 1980-களில் அதைச் செம்மைப்படுத்தினார். நல்ல தேர்வில் நல்ல பலன் தரும். ஆனால் டிஸ்டோனியா முன்னணியில் இருக்கும் குழந்தைக்கு அதைச் செய்தால் பலன் இருக்காது, வெட்டியதை ஒட்டவைக்கவும் முடியாது.

டிஸ்டோனியாவைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கையைத் தவிர்க்கவே முடியாது. காலையில் ஓரளவு நன்றாக நடந்து, சாயங்காலம் ஆக ஆகக் கால் முறுக்கிக்கொள்ளும் குழந்தை, பிரசவத்தில் எந்தச் சிக்கலும் இல்லை, ஸ்கேனும் சரியாக இருக்கிறது என்றால், அது சி.பி.யே இல்லாமலும் இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் மசாயா செகாவா 1970-களில் விவரித்த, மரபு வழி வரும் ஒரு டிஸ்டோனியா இப்படித்தான் தோன்றும். லெவோடோபா என்ற மாத்திரை சிறிய அளவிலேயே அதை வியக்கத்தக்க விதத்தில் சரிசெய்யும். சி.பி. என்று முத்திரை குத்தப்பட்டுப் பல ஆண்டுகள் தெரபியில் கழிந்த பிறகு இது கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள் உலகெங்கும் உண்டு. ‘எப்போது அதிகமாகிறது?’ என்ற ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் போதும்.

கைக்குழந்தைகள்

ஒரு வயதுக்குள் ஆஷ்வொர்த்தும் தார்தியூவும் பெரிதாக உதவாது. பிறந்த குழந்தை இயல்பாகவே கைகாலை மடக்கிச் சுருண்டுதான் இருக்கும். மாதம் ஏற ஏறத் தளர்ந்து விரியும். எனவே ‘இறுக்கமா’ என்று கேட்டால், ‘எத்தனை மாதக் குழந்தை’ என்பதுதான் முதல் பதில். பாரிஸின் குழந்தை மருத்துவர் க்ளோடின் அமியல்-டிசோன் வகுத்த கோணங்களை நம் நாட்டின் பச்சிளங்குழந்தைத் தொடர்சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மல்லாக்கப் படுத்த குழந்தையின் இரண்டு கால்களையும் நீட்டி, மெதுவாகப் பக்கவாட்டில் விரிக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் இரண்டு கால்களுக்கும் நடுவில் 40 முதல் 80 டிகிரி. பத்து பன்னிரண்டு மாதத்தில் 130 முதல் 150 டிகிரி. முழங்காலுக்குப் பின்புறக் கோணமும் அதேபோல 80–100-லிருந்து 150–170-க்கு விரிகிறது. பத்து மாதக் குழந்தைக்கு இன்னும் 70 டிகிரியிலேயே கால் நின்றால் விடக் கூடாது.

இதை நம் வீடுகளில் முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் பாட்டிதான். காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, “காலை விரிக்கவே விடமாட்டேங்குது”, “ஒரு கையை மட்டும் முஷ்டியாவே வச்சிருக்கு”, “தூக்கினா கத்தரிக்கோல் மாதிரி காலைப் பின்னிக்குது” என்பார். சிலசமயம் நேரெதிராக, “அக்குள்ல கையைக் குடுத்துத் தூக்கினா வழுக்கி விழுது” என்றும் சொல்வார். இவை ஒவ்வொன்றும் மருத்துவரின் சோதனைப் பட்டியலில் இருப்பவைதான். ‘பிள்ளை லேட்டாத்தான் நிக்கும், எங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான்’ என்று அதை அமுக்கிவிடாமல் இருக்க வேண்டும்.

அந்த வழுக்கி விழும் தளர்ச்சியும் முக்கியம். பின்னாளில் விறைக்கப்போகும் பல குழந்தைகள் முதல் சில மாதங்கள் துவண்டுதான் இருக்கும். ஆகவே அப்போது தளர்ந்திருந்தது என்பதால் சி.பி. இல்லை என்று சொல்ல முடியாது. மறுபக்கம், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் ஆண்டில் தெரியும் விறைப்பு, ஒரு வயதுக்குள் தானாக மறைந்துவிடுவதும் உண்டு. தளர்ச்சி மட்டுமே நீடித்து, முழங்கால் அனிச்சையும் வராமல், நாக்கு நெளிந்துகொண்டே இருந்தால் அது மூளையின் கோளாறு இல்லை, எஸ்.எம்.ஏ. (தண்டுவட நரம்பணுக்கள் சிதைந்து தசை மெலியும் மரபு நோய்) போன்ற நரம்பு-தசை நோய்களைத் தேட வேண்டும். அவற்றில் சிலவற்றுக்கு இப்போது மருந்து இருப்பதால் வாரக்கணக்கில் தாமதித்தாலே நஷ்டம்.

இறுக்கத்தை மட்டும் தனியாகப் பார்க்காமல் பார்வை, கழுத்து, அசைவு, அனிச்சை எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பெண் போடும் சோதனை லண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையிலிருந்து வந்தது. சுருக்கப் பெயர் ஹைன். இரண்டு மாதம் முதல் இரண்டு வயதுவரை, 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண். மூன்று மாதத்தில் 57-க்குக் கீழே வந்தால் சி.பி.க்கான வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் அமைந்த டி.இ.ஐ.சி. எனும் ஆரம்பகாலத் தலையீட்டு மையங்களுக்கு, பிரசவத்தில் சிக்கல் இருந்த குழந்தைகளைக் கட்டாயம் கொண்டுபோய்க் காட்டலாம்.

அளக்கும் நேரமும் நிலையும்

அழும் குழந்தையை அளக்கக் கூடாது. பசியிலும் கூடாது, தூக்கக் கலக்கத்திலும் கூடாது, ஏசி காற்று நேரே முகத்தில் அடிக்கும் கட்டிலிலும் கூடாது. தலை நேராக இருக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கக் கைகால் நீண்டு, மறுபக்கம் மடங்கும் சிசுக்கால அனிச்சை பல சி.பி. குழந்தைகளிடம் வயது ஏறியும் நீடிக்கிறது. அம்மா இடப்பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தால் குழந்தை அவரைப் பார்க்கத் திரும்பும், இரண்டு பக்கமும் வெவ்வேறு எண் வரும். அம்மாவைத் தலைமாட்டில் நிற்கச் சொன்னால் தீர்ந்தது. இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மருந்தைக் கொடுக்கிறார்கள் என்றால் மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் எழுத வேண்டும்.

திடீரென்று ஒரு வாரமாக இறுக்கம் கூடியிருக்கிறது என்று பெற்றோர் சொன்னால், நோய் முற்றுகிறது என்ற முடிவுக்கு ஓடக் கூடாது. சி.பி.யில் மூளைப் பாதிப்பு தானாகப் பெருகாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, வயிற்றமிலம் மேலேறுவது, வளர்ந்த காலுக்குச் சின்னதாகிப்போன ஸ்பிளின்ட் (காலைத் தாங்கிப் பிடிக்கும் அச்சு), இடுப்பு மூட்டு மெல்ல நழுவுவது, இவற்றில் ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். பேச வராத பிள்ளைக்கு வலியைச் சொல்ல வேறு வழி இல்லை. பேக்லோஃபென் மாத்திரையைத் தீர்ந்துவிட்டது என்று சட்டென நிறுத்தியிருந்தாலும் இறுக்கம் பாயும், வலிப்புகூட வரலாம்; அந்த மருந்தைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மருத்துவமனையில் காணக் கிடைக்காததை வீட்டில் எடுத்த செல்போன் வீடியோ காட்டும். சாப்பிடும்போது, தூங்கும்போது, கோபத்தில், விளையாட்டில். டிஸ்டோனியாவைப் பிடிக்க இதைவிட மலிவான கருவி இல்லை.

எண் குறைந்தால் நடை தேறுமா?

கட்டிலில் படுத்திருக்கும் காலின் இறுக்கம் ஒன்று, நிற்கும் காலின் வேலை இன்னொன்று. சில பிள்ளைகள் தொடைத் தசையின் விறைப்பைத்தான் ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த விறைப்பைக் கரைத்துவிட்டால் அடியில் இருந்த பலவீனம் வெளியே வரும். நேற்றுவரை கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறிய பிள்ளை இன்று மாற முடியாமல் போகலாம். அதனால் இறுக்கத்தோடு கூடவே தசை வலுவையும், ஒரு மூட்டை மட்டும் தனியாக அசைக்க முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பாதத்தை மட்டும் தூக்கச் சொன்னால் முழங்காலும் இடுப்பும் சேர்ந்தே மடங்குகிறதா? அப்படியென்றால் கெண்டைக்கால் தளர்ந்தாலும் பாதம் தானாகத் தூக்காது.

இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். முறையை 1997-ல் ராபர்ட் பலிசானோவும் அவரது குழுவினரும் தந்தார்கள். முதல் நிலையில் பிள்ளை தாராளமாக நடக்கும், படியேறும். ஐந்தாம் நிலையில் தலையைத் தாங்கவே உதவி வேண்டும். முதல் நிலையில் இருக்கும் பிள்ளையின் இறுக்கத்தைக் குறைப்பது நடைக்காக. ஐந்தாம் நிலையில் அது டயபர் மாற்ற, குளிப்பாட்ட, வலியில்லாமல் உட்காரவைக்க, இடுப்பு நழுவாமல் பார்த்துக்கொள்ள. அம்மாவின் முதுகுவலியும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். எண் ஒன்றாக இருந்தாலும் குறி வேறு.

ஊசி போட்ட பிறகு நடக்கும் மறு அளவீட்டில் இதெல்லாம் ஒன்றுசேரும். பாட்டுலினம் ஊசியின் வேலை நான்கு ஆறு வாரங்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தேய்ந்துவிடும். உச்சத்தில் இருக்கும்போது அளந்தால் வேகக் கோணமான ஆர்1 மேலேறியிருக்க வேண்டும். மெதுக் கோணமான ஆர்2 ஊசியால் மட்டும் பெரிதாக மாறாது, அதை நீட்ட அந்த இடைவெளியில் ஸ்பிளின்டும் பயிற்சியும் தேவை. ஆர்1 ஏறவே இல்லை என்றால் ஊசி தவறான தசையில் போயிருக்கலாம், அளவு போதாமல் இருந்திருக்கலாம், அல்லது அந்த இறுக்கம் ஆரம்பத்திலிருந்தே குறுக்கமாக இருந்திருக்கலாம். ஆர்1 ஏறியும் பிள்ளையின் நடையிலோ வீட்டு வேலையிலோ எந்த மாற்றமும் இல்லை என்றால், அடுத்த ஊசிக்குத் தேதி வாங்கும் முன், இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்ற முதல் கேள்விக்கே திரும்பிப் போக வேண்டும். அதற்கு ஊசிக்கு முந்தைய இரண்டு கோணங்களும், அளந்த நிலையும், அளந்தவர் பெயரும் கோப்பில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பெற்றோரே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் எந்த நல்ல தெரபிஸ்டும் மறுக்கமாட்டார்.